சில்வர் பேப்பர் சுற்றிய மம்ட்டி

எங்கள் கடையில் வெகுகாலம் ஒரே ஒரு சிப்பாய்தான் இருந்தான். ஆரஞ்சு நிற சாட்டின் சட்டை, ஓரமெல்லாம் சரிகை, இடுப்பில் வெல்வெட் பட்டை, கையில் சில்வர் பேப்பர் சுற்றிய அட்டை வாள். அவன் தலையில் கூம்புத் தொப்பி வைத்தால் சோழர் படை. தொப்பியைக் கழற்றி முண்டாசு கட்டினால் செஞ்சிக் கோட்டைக் காவல். மீசையைக் கொஞ்சம் மேலே முறுக்கி ஒட்டினால் பாளையக்காரர் படை. இப்படி இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரத்தை ஒரு பீரோவில் மடித்து வைத்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து கடையில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடமும் குறை சொன்னதில்லை. பிள்ளை மேடையில் ஏறினால் போதும், பெற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்தச் சிப்பாய் எந்தக் காலம் என்று எவர் பார்த்தார்?

ஒருத்தி பார்த்தாள். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் டீச்சர். சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கம், வல்லத்தை ஒட்டி. சமணக் குடும்பம், வீட்டில் விவசாயமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரமும். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கடைக்குள் வந்தவள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு என் சிப்பாயின் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இது எந்தக் காலத்து டிரெஸ்ஸு?"

"உங்களுக்கு எந்தக் காலம் வேணும், சொல்லுங்க மிஸ்" என்றேன். வியாபாரத்தில் இது என் வழக்கமான பதில். இதுவரைக்கும் யாரும் இதற்கு மேல் கேட்டதில்லை.

அவள் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "சங்க காலத்துல சாட்டின் ஏதுக்கா?" என்றாள்.

விஷயம் இதுதான். அவர்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பன்னிரண்டு சிப்பாய்கள் வரிசையாக மைதானத்தில் நடந்து வரவேண்டும். சங்க காலத்து வேல்காரனிலிருந்து இன்றைக்கு எல்லையில் நிற்கிறவர் வரைக்கும். போட்டுக்கொள்ளப் போவது பிள்ளைகள் இல்லை, அப்பாக்களும் வாத்தியார்களும். பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் அவரவர் காலத்து உடுப்பு, அவரவர் காலத்து ஆயுதம். ஒன்றுகூடத் தப்பாக இருக்கக் கூடாது. "இன்னொண்ணுக்கா. தோல் மட்டும் வேணாம். கேடயம், பெல்ட்டு எதுலயும். நாங்க தொடமாட்டோம்" என்றாள்.

"எங்க கடையில தோலைப் பாக்கணும்னா என் கையத்தான் பாக்கணும். மிச்சமெல்லாம் ரெக்சினு" என்றேன். எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற வீட்டுப் பெண்ணுக்கு வாளிலும் ஈட்டியிலும் இவ்வளவு ஆசையா என்று கேட்டேவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எதால அடிச்சிக்கினாங்கன்னு தெரிஞ்சாதானேக்கா ஏன் அடிச்சிக்கினாங்கன்னு கேக்க முடியும்?" என்றாள். சரிதான் போ என்று ஆர்டரை வாங்கிக்கொண்டேன்.

கடையில் என்னோடு அப்பாவும் இருப்பார். காணைப் பக்கத்து ஊரில் அடுத்தவர் நிலத்தில் நாற்பது வருஷம் மண் வெட்டியவர். கரும்புக்குப் பார் பிடித்து, நெல்லுக்கு அண்டை வெட்டி, ஏரி வேலைக்குப் போய், எங்களுக்கென்று ஒரு காணி இல்லாமலே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். முட்டி வலி வந்த பிறகு அவரையும் அம்மாவையும் திண்டிவனத்துக்கே கூட்டி வந்துவிட்டேன். சும்மா உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். ஈட்டிக்குக் கம்பு சீவுவார், கிரீடத்துக்குப் பசை தடவுவார், வந்தவர்களிடம் வம்பளப்பார். ஒன்று மட்டும் செய்ய மாட்டார். கடையில் இருக்கிற எந்த உடுப்பையும் உடம்பில் போட மாட்டார். அவசரத்துக்கு ஒரு கோட்டு எப்படித் தொங்குகிறது என்று பார்க்க, "அப்பா, சும்மா நில்லுங்க" என்றால்கூட எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

இன்னொன்றும் உண்டு. டேப்பை அவர் மேல் வைக்க விடமாட்டார். நான் தையல்காரி, ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள். பெற்ற அப்பாவுக்கு இதுவரை அளவெடுத்ததில்லை. பழைய சட்டை ஒன்றைத் தூக்கி மேஜையில் போடுவார். "இதான் அளவு, இதும் மாதிரி தச்சிடு" என்பார். அந்த அளவுச் சட்டை எந்தக் காலத்தில் யார் தைத்ததோ, அதற்குள் இரண்டு பேர் குடித்தனம் பண்ணலாம். கிழவருக்கு டேப்பு என்றால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் சனிக்கிழமைதோறும் வந்தாள். வரும்போதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்த படங்கள். வெயில் சாயும்முன் சாப்பாட்டை முடித்துக்கொள்கிற வழக்கம், அதனால் நாலு மணிக்கே தன் டப்பாவைத் திறந்துகொண்டு, இட்லியைப் பிய்த்துக்கொண்டே எனக்கு வகுப்பெடுப்பாள். முதல் இரண்டு வாரம் எனக்குத் தலை வலித்தது. "பேஜாரு புடிச்ச ஆர்டரு இது" என்று அப்பாவிடம் புலம்பினேன். மூன்றாவது வாரம் நானே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

சங்க காலத்து ஆளுக்கு மார்பில் ஒன்றுமே கிடையாதாம். இடுப்பில் துணி, காலில் கழல், கையில் வேலும் கேடயமும், தலையில் பூ. அந்தப் பூதான் உடுப்பு. மாடு கவரப் போகிறவனுக்கு ஒரு பூ, கோட்டையைச் சுற்றி வளைக்கிறவனுக்கு ஒரு பூ, நேருக்கு நேர் மோதுகிறவனுக்கு ஒரு பூ. தூரத்திலிருந்தே தலையைப் பார்த்து எதற்கு வருகிறான் என்று சொல்லிவிடலாம். "அப்ப செலவே இல்ல" என்றேன். சாட்டின் சட்டைக்குக் கணக்காகச் சரிகை வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பெரிய ஆறுதல்.

கோட்டைச் சண்டைக் காலத்தில் பஞ்சு. ஆமாம், இரும்பு இல்லை, பஞ்சு. நம் வெயிலில் இரும்புச் சட்டை போட்டால் எதிரி வருவதற்கு முன்னால் வெந்து போவான் என்று, துணிக்குள் பஞ்சை அடைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்களாம். வெட்டு அதில் மாட்டிக்கொள்ளுமாம். எனக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியென்றால் அந்தப் படையில் தையல்காரனும் ஒரு ஆள்தானே? அந்தச் சட்டையை நான் மெத்தைக் கடையில் பஞ்சு வாங்கி நான்கு நாள் உட்கார்ந்து தைத்தேன். திரி வைத்த துப்பாக்கிக்காரனுக்கு மணிக்கட்டில் சணல் திரி. அது எப்போதும் கனன்றுகொண்டே இருக்கவேண்டுமாம், அணைந்தால் துப்பாக்கி வெறும் தடி. மழை வந்தால் சண்டையே நின்றுவிடும் என்றாள் டீச்சர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைச் சிப்பாய்க்கு மேலே சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டை, கழுத்தைத் திருப்ப முடியாத காலர், கீழே பார்த்தால் முழங்காலுக்கு மேலே நிற்கிற அரை டிராயர். அந்தப் படத்தைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்துவிட்டது. "மேல கலெக்டரு, கீழ கபடி" என்றார். உலகப் போர்க்காரனுக்குக் காலில் துணிப்பட்டியைச் சுற்ற வேண்டும். அதைச் சுற்றப் பழகவே எனக்கு ஒரு நாள் ஆனது.

ஏழாவது படத்தில்தான் நான் மாட்டினேன்.

அது கம்பெனிப் படையின் முன்னே போகிற ஆட்களின் படம். வழி வெட்டுகிறவர்கள். பாதை போடுவது, பாலம் கட்டுவது, பள்ளம் தோண்டுவது, மண்ணைக் குவித்துக் கரை எழுப்புவது. கறுநீலக் கோட்டு, தலையில் தொப்பி, கையில் மண் வெட்டும் மம்ட்டி. "இந்த ஆளுங்க முன்னால போய் வழி வெட்லன்னா பின்னால பீரங்கி ஓரடி நகராதுக்கா. பட்டாளத்துச் சாமான் பட்டியல்ல வெள்ளக்காரனே இதுக்கு வேற பேரு வைக்காம மம்ட்டின்னுதான் எழுதிக்கினான்" என்றாள் டீச்சர்.

நான் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கோட்டுக்குத் துணி வெட்டினேன். பிறகு அட்டையில் ஒரு மம்ட்டி வெட்டினேன். எங்கள் தொழிலில் கை தானாக ஓடும். சிப்பாய் கையில் எதைக் கொடுத்தாலும் அதற்கு சில்வர் பேப்பர் சுற்ற வேண்டும், கைப்பிடிக்குத் தங்கப் பேப்பர். இருபது வருஷத்துப் பழக்கம். வாளுக்குச் சுற்றினேன், ஈட்டிக்குச் சுற்றினேன், அந்த வேகத்திலேயே மம்ட்டிக்கும் சுற்றிவிட்டேன். பிடியில் ஒரு சிவப்புக் கல்லையும் ஒட்டியிருக்கிறேன், பாருங்கள் என் கிறுக்குத்தனத்தை. சுவரில் சாய்த்து வைத்ததும் கடையே ஜொலித்தது. நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அப்பா டீ குடித்துவிட்டு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இன்னாது இது?"

"மம்ட்டிப்பா. ஏழாவது ஆளுக்கு."

"மம்ட்டியா? இத வச்சிக்கினு மண்ண வெட்டுவானா, கல்யாணத்துக்குச் சீரு கொண்டு போவானா?" என்றார். குரல் ஏறிவிட்டது. "மம்ட்டிக்கு யாராச்சும் ஜிகினா ஒட்டுவாங்களாடி? மம்ட்டி பளபளன்னு இருந்தா அவன் வேல செய்யாதவன்னு அர்த்தம். வெட்டி வெட்டித் தேஞ்சி, வாய் மட்டும் வெளுத்து, மேல துருவும் மண்ணுமா இருக்கணும். உன்ன வளத்ததே மம்ட்டிதான், அது எப்டி இருக்கும்னு உனக்குத் தெரில!"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. வெட்கம் வந்தால் நான் சத்தம் போடுவேன். "நாடகத்துக்கு இது போதும்ப்பா, சும்மா இருங்க" என்று கத்திவிட்டு மிஷினை மிதித்தேன்.

அடுத்த சனிக்கிழமை விழுப்புரம் மைதானத்தில் ஒத்திகை. எல்லா உடுப்பையும் மூட்டை கட்டி வேனில் ஏற்றினேன். மம்ட்டியை எடுக்கப் போனால் காணோம். வேனுக்குள் பார்த்தால் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், காலுக்கு நடுவில் ஒரு நிஜ மம்ட்டி. அவருடையதேதான். வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது. வெட்டுகிற இரும்பு இலை தேய்ந்து தேய்ந்து பாதியாகிவிட்டது, கருவேலம் பிடி அவர் கை பட்ட இடத்தில் மட்டும் வழவழவென்று குழிந்திருந்தது. என் ஜிகினா மம்ட்டியை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒத்திகையில் ஏழாவது ஆளாக வரவேண்டியவர் கண்டமங்கலத்துக்காரர். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மற்றவர்கள் வாளும் ஈட்டியும் எடுத்து ஆட்டிக்கொண்டிருக்க, அவர் கையில் நான் மம்ட்டியைக் கொடுத்தேன். வாங்கவே இல்லை.

"எல்லாருக்கும் கத்தி, எனக்கு மட்டும் மம்ட்டியா? என் கூட வேல செய்யறவனுங்க வீடியோ பாத்தா இன்னா நெனப்பானுங்க? எனக்கு ஒரு கத்தி குடுங்க, இல்லன்னா நான் வர்ல."

டீச்சர் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். வழி வெட்டுகிறவன் இல்லாமல் படை இல்லை என்றாள். அவர் காதில் ஏறவில்லை. எட்டாவது ஆளாக வரவேண்டிய கணக்கு வாத்தியாருக்கு அன்றைக்குக் காய்ச்சல், அவர் இடம் காலி. இவர் போய் அந்த வாளை எடுத்துக்கொண்டார். மம்ட்டி என் கையிலேயே நின்றது.

அப்பா அதுவரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். என் கையிலிருந்து மம்ட்டியை வாங்கி, ஒரே வீச்சில் தோளில் ஏற்றினார். இலை முதுகுப் பக்கம், பிடி முன்னால், ஒரு கை மட்டும் லேசாகப் பிடித்திருக்க. மைதானத்தை நேராகக் கடந்து வேனில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினார். முட்டி வலிக்காரர் நடையா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டீச்சர் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஐயா, நீங்களே வந்துடுங்களேன். ஏழாவது ஆளு நீங்கதான்."

"நமக்கெதுக்கும்மா யூனிபாரமு? அதெல்லாம் சரிவராது" என்றார். முகம் சட்டென்று மாறிவிட்டது. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு யூனிபாரம்னா இன்னாம்மா அப்டி ஆகாது?" என்றேன். அம்மா கிரைண்டரை நிறுத்தினார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்தாளு பட்டாளத்துக்குப் போனாரு, தெரியுமா உனக்கு?"

"அவரப் பெத்த ஆயா விடலன்னு வந்துட்டேன்னு சொல்லுவாரே."

"ஆயா எங்க விடல? ஊரே வழியனுப்புச்சி. ஆளெடுப்புக்கு மொத நாளே நடந்து போனாரு, பஸ்ஸுக்குக் காசு இல்ல. வயித்துல ஒண்ணும் இல்ல, கூழுகூட குடிக்கல. ஓட்டத்துல பாஸு, ஒசரம் பாஸு. மார்ல டேப்ப வச்சாங்களாம். மூச்ச இழுத்தா அஞ்சி சென்டிமீட்டரு விரியணுமாம். இவருக்கு நாலுதான் விரிஞ்சிச்சாம். இன்னொரு தபா இழுக்கறேன்னு கேட்டாராம். டேப்பு புடிச்சவன், போய் நல்லா சாப்ட்டு வாடான்னு சொல்லி சிரிச்சானாம். சுத்தி நின்னவனுங்களும் சிரிச்சானுங்களாம். எனக்கே கல்யாணம் ஆயி பத்து வருஷம் கழிச்சித்தான் சொன்னாரு."

கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த அளவுச் சட்டை, டீக்கடைக்கு ஓடுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சிப்பாய் உடுப்பு மாட்டிவிட்ட நான், அதே கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷனைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. எப்படியாவது அவரை அந்த வரிசையில் நிற்க வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ஒரு பிடிவாதம் வந்தது.

ஆனால் நேராகப் போய்க் கேட்டால் நடக்காது, அவர் குணம் எனக்குத் தெரியும். எனவே காலையில் கடையைத் திறந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாரும் இல்லாமலே, சத்தமாகப் பேசினேன். "ஆமா மிஸ், வேற வழியில்ல. ஏழாவது ஆள எடுத்துடுங்க. மம்ட்டி புடிக்க யாரும் வர மாட்டேங்கறாங்க. கேவலமா இருக்குதாம். பதினோரு பேரே போதும்."

அப்பா பசைக் குச்சியை வைத்தார். "எவன் சொன்னான் கேவலம்னு?"

"அந்தக் கண்டமங்கலத்துக்காரரு."

"அவன் சோறு திங்கறானா இல்லியா? திங்கற சோறு எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்று எழுந்துவிட்டார். கடைக்குள் இரண்டு நடை நடந்தார். "போன வைக்காத. நானு வர்றேன்னு சொல்லு. ஆனா ஒண்ணு, டேப்பு கீப்புன்னு யாரும் கிட்ட வரக்கூடாது." இல்லாத டீச்சரிடம் நான் "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு, உண்மையான டீச்சருக்குப் போன் போட வெளியே ஓடினேன்.

அப்பாவுக்கென்று புதுக் கோட்டு ஒன்றை அந்த அளவுச் சட்டையை வைத்துத்தான் தைத்தேன். வேறு என்ன செய்ய? தைக்கும்போதே தெரிந்தது, பெரிதாகத்தான் வரும் என்று. கொஞ்சம் குறைத்து வெட்டினேன். குறைத்தது போதவில்லை.

விழா அன்றைக்கு மைதானத்தில் ஏகக் கூட்டம். காணைப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தலைமை விருந்தினர் ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசை வெள்ளைவெளேரென்று ஊசி மாதிரி நின்றது. எங்கள் கடை மீசையெல்லாம் அதன் முன்னால் தோற்றுவிட்டது. மேடைக்குப் பின்னால் நான் வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொருவராக மாட்டிவிட்டேன். அப்பா கோட்டைப் போட்டார். தோள் சரியாக நின்றது, மார்பில் மட்டும் துணி தொளதொளவென்று மடிந்தது. நீலக் கோட்டுக்குள் இன்னொரு ஆள் ஏறலாம் போல. குனிந்து தன் மார்பைப் பார்த்தார். நான் அவசரமாக ஊக்கோடு போனேன்.

"வேணாம்" என்றார். ஒரு முழு மூச்சை இழுத்தார். மார்பு ஏறியது, துணி மடிப்பு ஒவ்வொன்றாக மறைந்தது, பித்தளைப் பொத்தான் ஐந்தும் நேர்கோட்டில் நின்றன. அப்படியே மம்ட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டார்.

வரிசை கிளம்பியது. சங்க காலத்துக்காரருக்குத் தலையில் தும்பைப் பூ, உடம்பு மட்டும் இந்தக் காலத்து வாத்தியார் உடம்பு, நல்ல தொப்பை. கூட்டம் கைதட்டியது. பஞ்சுச் சட்டைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொருவரும் மேடைக்கு எதிரே நிற்கவேண்டும், டீச்சர் மைக்கில் அவரைப் பற்றிப் படிப்பாள், விருந்தினர் இறங்கி வந்து உடுப்பைப் பார்ப்பார், பிறகு நகர வேண்டும். ஏழாவது ஆள் வந்து நின்றார். மார்பு அப்படியே இருந்தது. இந்த மனுஷன் மூச்சே விடவில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது. மேல்மூச்சாகக் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தார் போல, இறக்கவே இல்லை. டீச்சரோ மற்றவர்களுக்கெல்லாம் நாலு வரி படித்தவள், இவருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். வழி வெட்டியது, ஆற்றில் பாலம் கட்டியது, மழையில் கரை எழுப்பியது. "மிஸ், ஜல்தி முடிங்க மிஸ், கிழவன் செத்துடுவாரு" என்று நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"இவர் கையில் இருக்கிற ஆயுதத்தின் பேர் மம்ட்டி" என்று டீச்சர் முடித்தாள். மைதானத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது. அப்புறம் இன்னொன்று. பின்வரிசையில் நின்றவர்கள், தினம் மம்ட்டி பிடிக்கிற ஆட்கள், அவர்கள் போட்ட கூச்சல் முன்னால் போன எந்த வாளுக்கும் கிடைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, நானும் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். ஊக்கு ஒன்று உதட்டில் குத்தியது, பரவாயில்லை.

விருந்தினர் இறங்கி வந்தார். அப்பாவின் முன்னால் நின்று மம்ட்டி தோளில் கிடக்கிற விதத்தைப் பார்த்தார், நின்ற விதத்தைப் பார்த்தார். "எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை. நேராகப் பார்த்தபடி நின்றார். இன்னொரு முறை, "எந்த யூனிட்?" என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் பிதுங்கியது. விருந்தினர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையை ஆட்டிவிட்டு, விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அப்பாவும் வைத்தார். அதுவரை அவர் சல்யூட் வைத்து நான் பார்த்ததே இல்லை. பிறகு நடந்துபோய் வேப்ப மரத்துக்குப் பின்னால் மறைந்ததும் ஒரு சத்தம் கேட்டது, லாரி டயரில் காற்று இறங்குகிற மாதிரி. எட்டாவதாகப் போன கண்டமங்கலத்துக்காரர் வாளை ஓங்கிக் காட்டியபோது சில்வர் பேப்பர் பாதி உரிந்து காற்றில் தொங்கியது. அதற்கு நான் பொறுப்பில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பி மூட்டைகளை இறக்கினோம். அப்பா கோட்டைக் கழற்றி, பொத்தான் உள்ளே போகிற மாதிரி மடித்து மேஜையில் வைத்தார். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

"அவரு ரெண்டு தபா கேட்டாரே, ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல? நான் சிப்பாய் இல்லிங்கன்னு சொல்லியிருக்கலாமே."

"வாயத் தொறந்தா காத்து பூடும் இல்ல?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவருக்கு டீ புரையேறியது. சிரிப்பு அடங்கியதும் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"டேப்ப எடு" என்றார்.

நான் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன். ஆயிரம் பேருக்கு வைத்த டேப்பு. பின்பக்கமாக நின்று மார்பைச் சுற்றிப் பிடித்தேன். மூச்சை விட்டு நின்றார், ஓர் அளவு. பிறகு இழுத்தார். முதுகு எலும்பு ஒவ்வொன்றும் தோலுக்குக் கீழே விரிந்தது. டேப்பு என் விரலுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. நின்றது. குனிந்து பார்த்தேன். வித்தியாசம் நாலு சென்டிமீட்டரும் சொச்சமும்தான்.

எங்கள் கடையில் இருக்கிற வாள் பொய், கிரீடம் பொய், மீசை பொய். அதோடு இதுவும் ஒன்று.

"அஞ்சரைப்பா" என்றேன்.

மூச்சை மெதுவாக விட்டார். திரும்பவில்லை. நாற்காலியிலிருந்து சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தார், இன்னொரு கையை நுழைத்தார், பொத்தானை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அன்னைக்கு இருந்தவனுக்கு டேப்பு புடிக்கத் தெரில" என்றார்.